புழங்காத காசின் சாட்சியம்

நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் இடத்தில் ஆப்பிரிக்காவின் பேச்சை எடுத்தால் ஒரு தீர்ப்பு உடனே வந்து விழும். விடுதலை பெற்ற கையோடு அந்த நாடுகள் வெளியிட்ட நினைவு நாணயங்களும், வெளியீட்டுக்கு முன் அடித்துப் பார்த்த மாதிரி நாணயங்களும் நாணயம் என்ற பெயருக்கே உரியவை அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பு. எந்தச் சந்தையிலும் அவை கைமாறவில்லை, லண்டனிலும் பாரிசிலும் அடித்து ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு விற்ற அலங்காரப் பொருள்கள் அவை, புதிதாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்து மகிழச் செய்த வீண் செலவு என்பார்கள். விற்பவர் இதைச் சொல்கிறார், வாங்குபவர் சொல்கிறார், நாணயவியல் படித்தவர்களும் பெரிதாக மறுப்பதில்லை.

இந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லவே எழுதுகிறேன். ஒரு நாடு பிறந்த கணத்தில் என்னென்ன முடிவுகள் எடுத்தது, எவற்றை யோசித்துக் கைவிட்டது என்பதற்கு இந்தக் காசுகளைப் போல நேரடியான சான்று வேறு அதிகமில்லை. புழங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்குகிறவர்கள், நாணயத்தை வெறும் சில்லறையாக மட்டுமே பார்க்கிறார்கள்.

மாதிரி நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சிற்பி பெரிய அளவில் பிளாஸ்டரில் உருவம் செய்கிறார். அதிலிருந்து உலோகத்தில் ஒரு படி எடுத்து, ஜான்வியே என்ற சுருக்கு இயந்திரத்தில் பொருத்துகிறார்கள். ஒரு முனை அந்தப் பெரிய உருவத்தின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போக, மறுமுனையில் சுழலும் வெட்டுளி அதே மேடு பள்ளங்களை நாணய அளவில் எஃகில் செதுக்குகிறது. அந்த எஃகு உருவத்தை வேறோர் எஃகில் அழுத்தி எடுத்த அச்சில் முதலில் சில வில்லைகளை மட்டும் வைத்து அடித்துப் பார்ப்பார்கள். எழுத்து முழுதாக விழுந்திருக்கிறதா, முகத்தில் மூக்கு மழுங்கியிருக்கிறதா, இந்த உலோகக் கலவை இந்த ஆழத்துக்கு ஏறுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு அந்தக் காசுகள் நிதி அமைச்சரின் மேசைக்கும் மத்திய வங்கி ஆளுநரின் மேசைக்கும் போகும். அங்கே ஏற்கப்படும், திருத்தப்படும், அல்லது தள்ளப்படும். பாரிஸ் நாணயச்சாலையில் இது நெடுநாள் வழக்கம். காலனிகளுக்கு அடித்த புதிய வகைகளிலும், பிறகு விடுதலை பெற்ற நாடுகளுக்கு அடித்தவற்றிலும் 'எஸே' (மாதிரி) என்ற சொல்லைப் பொறித்துச் சில படிகளைத் தனியே எடுத்தார்கள். கேமரூன் 1960 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றது. அந்த ஆண்டின் 50 பிராங்கு நாணயத்தில் மூன்று பெரிய ஈலாண்டு மான்கள் நிற்கின்றன, விடுதலை நாளும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே வடிவம் சந்தையிலும் புழங்கியது. ஒரு வடிவத்தின் முதல் படியைப் பொய்க்காசு என்றும், அடுத்த படியை நல்ல காசு என்றும் எந்த நியாயத்தில் பிரிப்பது?

இப்படிப் பிரிக்கிறவர்கள் ஐரோப்பா, அமெரிக்கா என்று வந்ததும் அளவுகோலை மாற்றிக்கொள்கிறார்கள். எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பரில் முடி துறந்தார். அவர் தலை பொறித்து 1937 என்று ஆண்டிட்ட பிரிட்டிஷ் காசுகள் மாதிரி நிலையிலேயே நின்றுவிட்டன. ஒருவர்கூட அவற்றைக் கொண்டு ஒரு ரொட்டி வாங்கியதில்லை. முன்னோர் வழக்கப்படி தலை வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், அவரோ இடப்பக்கம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். தன்னையே பார்த்து மகிழ்வது என்றால் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆனாலும் அவற்றில் ஒரு தங்க சாவரின் 2020இல் 10 லட்சம் பவுனுக்கு விற்றபோது உலகமே வியந்தது. அமெரிக்காவின் 1804 டாலர் கதை இன்னும் விசேஷம். அது 1804இல் அடிக்கப்படவே இல்லை. 1834இல், சயாம் அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் ராஜதந்திரப் பரிசாகக் கொடுப்பதற்கென்று பழைய ஆண்டைப் போட்டு அடித்தார்கள். 2021இல் அவற்றில் ஒன்று 76 லட்சம் டாலரைத் தாண்டி விலை போனது, நாணயங்களின் அரசன் என்று இன்றும் புகழ்கிறார்கள். புழங்காத எட்வர்டு காசு வரலாறு என்றால், புழங்காத ஆப்பிரிக்கக் காசும் வரலாறுதான்.

கானாவை எடுத்துக்கொள்வோம். சகாராவுக்குத் தெற்கே பிரிட்டிஷ் காலனிகளில் முதலில் விடுதலை பெற்ற நாடு, 1957 மார்ச் 6. அதுவரை அங்கே புழங்கியது 1912இல் நிறுவப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியத்தின் காசு. வாரியம் லண்டனில் இருந்தது, கையிருப்பும் லண்டனில் இருந்தது, காசில் பிரிட்டிஷ் முடியின் பெயர் இருந்தது. 1958 ஜூலை 14 அன்று கானா தன் சொந்தப் பவுனை வெளியிட்டது. காசின் தலைப்பக்கத்தில் பிரதமர் குவாமே நிக்ரூமா. சுற்றிலும் லத்தீனில் அவர் பெயரும், கானா அரசை நிறுவியவர் என்ற பட்டமும். மறுபக்கம் ஐந்து முனை நட்சத்திரம்.

சர்வாதிகாரத்தின் முதல் அறிகுறி என்று இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பிற்காலத்து நிக்ரூமாவைக் கொண்டு 1958ஐப் படிப்பதால் வரும் பிழை அது. அந்த ஆண்டின் அரசியல் சட்ட நிலையைப் பாருங்கள். கானா அப்போது குடியரசு அல்ல. 1960 ஜூலை 1 வரை எலிசபெத் அரசிதான் அதன் நாட்டுத் தலைவர். அரசியின் ஆட்சிப் பெயர் நீடிக்கும்போதே அவர் தலையைக் காசிலிருந்து எடுத்தார்கள். இந்தியா 1947இல் விடுதலை பெற்ற பிறகும் குடியரசாகும் வரை ஆறாம் ஜார்ஜ் காசைத்தான் வைத்திருந்தது. சிங்கத் தூண் பொறித்த நம் காசு 1950இல்தான் வந்தது. இலங்கை தன் சின்னம் தாங்கிய புதிய காசு வரிசைக்கு 1963 வரை காத்திருந்தது. 1965இல் விடுதலை பெற்ற காம்பியாவின் முதல் காசுகளிலும் அரசியின் தலை இருந்தது. இவர்கள் பொறுத்திருந்ததில் தவறில்லை. கானா பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அதை ஓர் அரசியல் சட்டச் செயலாகப் பார்க்க வேண்டும்.

நிக்ரூமாவே இதற்கு விளக்கம் கொடுத்தார். லண்டனில் எழுந்த அதிருப்திக்குப் பதிலாக 1957 ஜூனில் அங்கத்திய நாளிதழ் ஒன்றில் எழுதினார். என் மக்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, விடுதலை வந்துவிட்டது என்பதைச் சின்னங்களின் வழியேதான் அவர்களுக்குக் காட்ட முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை ஒரு சாக்கு என்று தள்ளுகிறவர்கள் 1958ஆம் ஆண்டு மூன்று பென்னிக் காசை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். செம்பு நிக்கல் கலவை, சிறிய காசு, ஓரம் பூவிதழ் போல வளைந்து வளைந்து போகிறது. விரலால் ஓரத்தைத் தொட்டாலே இது மூன்று பென்னி என்று தெரிந்துவிடும். எழுத்தறியாதவரும், விளக்கில்லாத சந்தையில் மாலை நேரத்தில் கணக்குப் பார்ப்பவரும் ஏமாறாதபடி அமைத்த காசு அது. நட்சத்திரம் கொடியில் இருப்பது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆளை ஆராதிக்க மட்டும் காசு அடித்தவர்கள் காசின் ஓரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த வரிசையின் உச்சியில் வெள்ளியில் 10 ஷில்லிங் ஒன்றும் அடித்தார்கள், 28.28 கிராம், சேகரிப்பாளர்களுக்கான மெருகில் மட்டும். இதைத்தான் நம்மவர்கள் முதலில் கேலி செய்வார்கள். ஆனால் அந்த எடையும் அளவும் பிரிட்டனின் பழைய வெள்ளி கிரவுனின் எடையும் அளவும். முடியாட்சியின் பெருமையைத் தாங்க வைத்திருந்த உலோக வட்டம் அது. ஒரு முடிசூட்டு விழாவுக்கு பிரிட்டன் எதைச் செய்யுமோ அதைத் தன் விடுதலைக்கு கானா செய்தது. எதில் தன்னை அவர்களுக்குச் சமமாக நிறுத்த விரும்பியது என்பதை இந்தக் காசு இல்லாமல் எந்த ஆவணத்தில் இவ்வளவு துல்லியமாகப் படிப்போம்? பின்னால் நடந்ததும் காசிலேயே பதிவாகியிருக்கிறது. 1965இல் பவுனுக்குப் பதிலாகச் சேடி வந்தது, அதிலும் நிக்ரூமா. 1966 பிப்ரவரி 24 அன்று அவர் வெளிநாட்டில் இருக்கும்போது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1967இன் புதிய காசுகளில் அவர் இருந்த இடத்துக்கு முரசும் கோக்கோவும் வந்துவிட்டன. இந்த மாற்றம் முழுவதையும் புரிந்துகொள்ள 1958இன் தலை கண்டிப்பாக வேண்டும்.

அடுத்ததாக, ஐரோப்பாவில் அடித்ததால் ஆப்பிரிக்கத்தன்மை இல்லை என்ற வாதம். கானாவின் காசை வடித்தவர் பால் வின்சே. ஹங்கேரியில் பிறந்து, 1938இல் லண்டனுக்கு வந்து குடியேறிய சிற்பி. மலாவியின் 1964 காசுகளையும் அவர்தான் செய்தார். ஜாம்பியாவுக்கு நார்மன் சில்மன், சியரா லியோனுக்கு மைக்கேல் ரிசெல்லோ, தான்சானியாவுக்கு கிறிஸ்டோபர் அயர்ன்சைடு. எல்லோரும் பிரிட்டனில் வேலை செய்தவர்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அயர்லாந்து செய்ததை நினைத்துப் பாருங்கள். அதுவும் புதிதாக விடுதலை பெற்ற நாடுதான். கவிஞர் யேட்ஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள், பல நாட்டுச் சிற்பிகளிடம் வடிவங்கள் கேட்டார்கள், கடைசியில் பெர்சி மெட்கால்ஃப் என்ற ஆங்கிலேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1928இல் காசு வந்தது, அடித்தது லண்டன் நாணயச்சாலை. குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி, பன்றி, மரக்கோழிப் பறவை என்று போகும் அந்த வரிசையை இருபதாம் நூற்றாண்டின் மிக அழகான நாணய வரிசைகளில் ஒன்று என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அது சரியும்கூட. போட்டியில் தோற்ற இத்தாலியச் சிற்பி மோர்பிதூச்சியின் வடிவத்தில் வந்த மாதிரிக் காசுகளைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்துப் பெரும் விலை கொடுக்கிறார்கள். அதை அயர்லாந்தின் காசு இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. முன்னாள் ஆட்சியாளனின் பட்டறையில், முன்னாள் ஆட்சியாளனின் சிற்பியைக் கொண்டு ஒரு நாடு தன்னை வடித்துக்கொண்டால் அயர்லாந்தில் அது கலை, ஆப்பிரிக்காவில் போலி. இந்த ஓரவஞ்சனைக்கு நாணயவியலில் எந்தக் காரணமும் கிடையாது.

காசு எங்கே அடிக்கப்பட்டது என்பதைவிட, அதில் எதைப் பொறிக்க யார் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். விடுதலையின் முதல் ஆண்டு நிறைவுக்காக 1965இல் வெளிவந்த ஜாம்பியாவின் 5 ஷில்லிங்கை எடுத்து நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஒருபுறம் அதிபர் கென்னத் கவுண்டா, மறுபுறம் நாட்டுச் சின்னம், அது வழக்கமானது. விளிம்பைச் சுற்றி எழுத்து ஓடுகிறது: ஒரே ஜாம்பியா, ஒரே தேசம், பிறகு 24.10.1964 என்ற விடுதலை நாள். விளிம்பில் எழுத்துப் பொறிப்பது கூடுதல் வேலை, அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். பிரிட்டனில் இருந்த சிற்பிக்கு இந்த முழக்கம் தானாகத் தோன்றாது. எழுபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டில், இரு முகங்களையும் இணைக்கும் விளிம்பில் இந்தச் சொற்கள்தான் போக வேண்டும் என்று தலைநகர் லுசாகாவில் யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மொசாம்பிக்கின் கதையில்தான் புழங்கவில்லை என்ற வாதம் முற்றாக உடைகிறது. போர்ச்சுக்கல்லுடன் நீண்ட ஆயுதப் போர் நடத்தி 1975 ஜூன் 25 அன்று விடுதலை பெற்ற நாடு. எஸ்குடோவை விட்டுவிட்டு மெட்டிகா என்ற புதிய பணத்துக்கு மாறத் திட்டமிட்டார்கள். ஒரு சென்டிமோவிலிருந்து இரண்டரை மெட்டிகா வரை முழு வரிசையும் 1975 என்ற ஆண்டோடு அடிக்கப்பட்டது. ஒருபக்கம் அதிபர் சமோரா மாஷெலின் தலை, மறுபக்கம் செடிகள். அந்த வரிசை மக்கள் கைக்கு வரவே இல்லை. திட்டம் கைவிடப்பட்டது. பழைய எஸ்குடோ நோட்டுகளின் மேல் மொசாம்பிக் வங்கியின் பெயரை அச்சடித்துக்கொண்டு ஐந்தாண்டு ஓட்டினார்கள். 1980 ஜூன் 16 அன்றுதான் மெட்டிகல் வந்தது.

1980இன் காசுகளை அந்தக் கைவிடப்பட்ட காசுகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். தலைவரின் தலையைக் காணோம். அதே மாஷெல்தான் ஆட்சியில் இருக்கிறார், எதிர்ப்பவர் கவிழ்க்கவில்லை, ஆனால் காசிலிருந்து அவர் முகம் போய்விட்டது. 50 சென்டாவோவில் மரக்கட்டைகள் கோத்த இசைக்கருவி, ஒரு மெட்டிகலில் படிக்கும் பெண், இரண்டரையில் துறைமுகத்துக் கப்பலும் பாரந்தூக்கியும், ஐந்தில் டிராக்டர், பத்தில் தொழிற்சாலைகள், இருபதில் கவச வண்டி. ஒரு புரட்சி அரசு தன்னை எந்த உருவத்தில் பார்த்தது என்பது ஐந்தே ஆண்டுக்குள் இப்படிப் புரண்டிருக்கிறது. புழங்கிய காசுகளை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால் மொசாம்பிக் ஆரம்பத்திலிருந்தே டிராக்டரையும் மாணவியையும் மட்டும் பொறித்த நாடு என்றுதான் எழுதுவோம். தலைவரின் முகம் ஒருமுறை எஃகு அச்சு வரை போய்த் திரும்பியது என்பதற்குச் சாட்சி அந்தப் புழங்காத மெட்டிகா மட்டுமே. ஒரு நாடு வேண்டாம் என்று வைத்ததை அறிய, வேண்டும் என்று வைத்ததை மட்டும் பார்த்தால் போதாது.

தலைவர்கள் எல்லோரும் தற்பெருமைக்காகவே காசு அடித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்மையைப் பார்த்தால் நிற்பதில்லை. தான்சானியாவின் 1966 காசுகளில் ஜூலியஸ் நியரேரே இருக்கிறார், அவர் பெயர் இல்லை. தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் என்று சுவாகிலியில் மட்டும் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. மறுபக்கம் தீக்கோழி, முயல், பாய்மீன், ஒரு ஷிலிங்கியில் 1961இல் கிளிமஞ்சாரோ உச்சியில் ஏற்றிய விடுதலைத் தீவட்டி. கென்யாவின் 1966 காசுகளிலும் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் முகம் மட்டும்தான், பெயர் 1969இல்தான் சேர்ந்தது. மாலி 1961இல் அலுமினியத்தில் நீர்யானையையும் குதிரையையும் சிங்கத்தையும் பொறித்தது. சியரா லியோனின் 1964 காசுகளில் பிரதமர் மில்டன் மார்காய் இருக்கிறார், ஆனால் அந்தக் காசுகள் ஆகஸ்டில் வெளிவரும் முன்பே, ஏப்ரலில், அவர் இறந்துவிட்டார். அந்த வரிசையின் 5 சென்ட் காசில் தலைநகர் ஃப்ரீடவுனின் பெரிய இலவமரம் நிற்கிறது. 1792இல் அடிமைத்தளையிலிருந்து மீண்டு வந்து அந்த ஊரை நிறுவியவர்கள் முதலில் கூடி நன்றி சொன்னது அதன் அடியில்தான் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. 2023 மே மாதப் புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே விற்பனைக்காக மட்டும் அடித்த காசுகளும் உண்டு. எக்குவடோரியல் கினி 1968இல் விடுதலை பெற்றது. 1970இல் அது வெளியிட்ட வெள்ளி வரிசையில் கோயாவின் நிர்வாண மாஹா ஓவியம் இருக்கிறது, ட்யூரரின் தொழுத கைகள் இருக்கின்றன, உலகக் கோப்பைக் கால்பந்து இருக்கிறது. 75 பெசெட்டாவில் லெனின், லிங்கன், போப் இருபத்து மூன்றாம் ஜான் ஆகியோரோடு நம் காந்தியும் இருக்கிறார். அதே ஆண்டுகளில் அந்த நாட்டின் அதிபர் மசியாஸ் ங்குவேமா தன் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தார். நாட்டை விட்டு ஓடியவர்களுக்குக் கணக்கில்லை. அகிம்சையின் முகத்தை அந்த ஆட்சியின் காசில் பார்ப்பது நெஞ்சை உறுத்துகிறது. அந்த வரிசைக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் ஓர் அயோக்கிய வரிசையைக் காட்டி ஒரு கண்டத்தையே தள்ளுவது என்ன நியாயம்?

அதோடு, விற்பனைக் காசு என்று ஒரே மூட்டையில் கட்டியவற்றையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். 1958இல் பிரான்சுக்கு 'வேண்டாம்' என்று வாக்களித்துத் தனியே நடந்த கினியைப் பாருங்கள். அது 1960இல் சொந்தப் பணம் வெளியிட்டபோது, பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டுகளை நாட்டுக்குள் கொட்டி அந்தப் பணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. காசு விடுதலையின் சின்னம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அது விடுதலையின் போர்க்களமாகவும் இருந்தது. அந்த கினி விடுதலையின் பத்தாண்டை ஒட்டி வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் கென்னடி சகோதரர்களும் நிலவில் இறங்கிய கலமும் மியூனிக் ஒலிம்பிக்கும் இருக்கின்றன. இவை அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்காகத்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் இருக்கிறார். அவரை அப்படிச் சொல்ல முடியாது. கானா விடுதலை விழாவுக்கு 1957இல் அக்ரா வரை வந்தவர் கிங். ஆட்சி இழந்த நிக்ரூமாவுக்கு அடைக்கலம் கொடுத்தது கினி. பாடகி மிரியம் மகேபாவும் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அமெரிக்காவை விட்டு வந்து குடியேறியது கினியில். அட்லான்டிக்கின் இரு கரைக் கறுப்பினப் போராட்டமும் கினியின் தலைநகர் கோனாக்ரியில் ஒன்று கூடிய காலம் அது. கிங்கின் முகத்தை அங்கே அடிக்காமல் வேறெங்கே அடிப்பது?

கினி 1970இல் வெளியிட்ட 500 பிராங்கு காசுகளில் நெஃபெர்டிட்டி, அக்னாதன், துட்டன்காமன் என்று எகிப்திய அரசர்கள் வரிசையாக வருவதையும் கேலி செய்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கினிக்கும் நைல் நதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். செனகலின் அறிஞர் ஷேக் அன்டா தியோப் 1954இலேயே பண்டைய எகிப்து கறுப்பின ஆப்பிரிக்க நாகரிகம் என்று நூல் எழுதி, அந்தத் தலைமுறை ஆப்பிரிக்க அறிஞர்கள் மத்தியில் பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தார். ஒரு மேற்கு ஆப்பிரிக்க நாட்டின் காசில் பாரோக்கள் ஏறுவதை அந்த விவாதத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்கவே முடியாது. விற்பனையும் ஒரு நோக்கமாக இருந்திருக்கும், அதனால் கருத்து செத்துவிடுவதில்லை.

வீண் செலவு என்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாதம் வலுவற்றது. மெருகேற்றிய நினைவு நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் உலோக மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள், அந்நியச் செலாவணியில் வாங்கினார்கள். நாணய வாரியங்களின் காலத்தில் காசு வெளியீட்டின் கையிருப்பெல்லாம் லண்டனில் தேங்கியிருந்தது. சொந்த மத்திய வங்கி வந்த பிறகுதான் காசின் முகமதிப்புக்கும் அடிக்கும் செலவுக்கும் இடையிலான ஆதாயம் முழுதாக அந்தந்த நாட்டின் கைக்கு வந்தது. காசு பொதுநோக்கத்துக்கும் பயன்பட்டது: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1968இல் தொடங்கிய நாணயத் திட்டத்தில் புருண்டியும் உகாண்டாவும் தொடக்கத்திலேயே சேர்ந்தன.

பியாஃப்ராவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டுக் காசு என்ற சொல்லை அதன்மீதுதான் அதிகம் வீசுகிறார்கள். 1967 மே 30 அன்று நைஜீரியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்து, 1970 ஜனவரியில் சரணடைந்த நாடு. தான்சானியா, காபோன், ஐவரி கோஸ்ட், ஜாம்பியா, ஹெய்ட்டி என்று ஒரு கை எண்ணிக்கையில் அடங்கும் நாடுகள்தான் அதை அங்கீகரித்தன. 1968 ஜனவரியில் நைஜீரிய அரசு தன் நோட்டுகளை மாற்றி, பிரிந்த பகுதியில் இருந்த பழைய நோட்டுகளைச் செல்லாதவையாக்கியது. அதே மாதக் கடைசியில் பியாஃப்ரா தன் சொந்தப் பவுனை வெளியிட்டது. 1969இல் காசும் வந்தது: மூன்று பென்னி, ஒரு ஷில்லிங், இரண்டரை ஷில்லிங், எல்லாம் அலுமினியத்தில். மேலே வெள்ளியில் ஒரு பவுன், தங்கத்தில் 25 பவுன் வரை ஒரு வரிசை. அலுமினியக் காசில் பனைமரமும் உதிக்கும் சூரியனும் இருக்கின்றன. முற்றுகைக்குள் பட்டினியால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாட்டின் காசு அது. அதில் விளையாட்டு எதையும் நான் பார்க்கவில்லை. உலகம் ஏற்க மறுத்த ஓர் அரசு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லக் கைக்கெட்டிய எல்லா உலோகத்திலும் எழுதிப் பார்த்திருக்கிறது. அந்த அரசின் தரப்பு சரியா தவறா என்று வாதிடலாம். அந்தக் காசு சாட்சி அல்ல என்று மட்டும் வாதிட முடியாது.

இந்தத் தீர்ப்பால் என்ன கெட்டுவிடப் போகிறது, ரசனையில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். கெட்டுப்போகிறது. உண்மையான நாணயம் அல்ல என்று முத்திரை குத்தப்பட்ட காசை வியாபாரி உலோக விலைக்குத்தான் எடுக்கிறார். உலோக விலைக்கு எடுத்தது, விலை ஏறும் நாளில் உலைக்குப் போகிறது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது உலகெங்கும் வெள்ளிக் காசுகள் மூட்டை மூட்டையாக உருகின. தங்கம் ஏறும்போதெல்லாம் அதே ஆபத்து தங்கக் காசுக்கும் வருகிறது. புருண்டி 1962இல் விடுதலைக்காக நான்காம் முவாம்புட்சா அரசரின் தலையோடு தங்கக் காசுகள் அடித்தது. நான்கே ஆண்டில் அவருடைய மகனே அவரை அகற்றினார், அடுத்த சில மாதங்களில் முடியாட்சியே ஒழிந்தது. காங்கோ 1965இல் விடுதலையின் ஐந்தாம் ஆண்டுக்காக அதிபர் ஜோசப் கசவுபுவின் தலையோடு தங்கக் காசுகள் அடித்தது. அதே ஆண்டு நவம்பரில் இராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். இவை நகைக்கடை உலையில் போகும் ஒவ்வொரு முறையும், குறுகிய ஆயுள் கொண்ட ஓர் ஆட்சி தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதன் அசல் பதிவு ஒன்று குறைகிறது.

எனவே கையில் இப்படிப்பட்ட காசு வைத்திருப்பவர்களிடமும், அவற்றை எடைபோட்டு வாங்குகிற கடைக்காரர்களிடமும் என் கோரிக்கை இதுதான். விற்பதாயினும் உருக்குவதாயினும் அதற்கு முன் இரு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுத்து வையுங்கள். எடையையும் குறுக்களவையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எஸே' போன்ற சொல்லோ, சிற்பியின் சிறு எழுத்துகளோ, நாணயச்சாலைக் குறியோ இருந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு தலை நிமிர்ந்திருக்கும்படி காசைப் பிடித்து, பக்கவாட்டில் புத்தகத் தாள் போலத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கமும் நிமிர்ந்திருந்தால் அது பிரிட்டிஷ் பட்டறையின் வழக்கம், தலைகீழாக நின்றால் பிரெஞ்சுப் பட்டறையின் வழக்கம். மாதிரிக் காசு எந்த ஊரில் பிறந்தது என்று தேடுகிறவருக்கு அந்த ஒரு குறிப்பே வழிகாட்டும்.